முப்பத்தோராம் பக்கம்

உலான்பாத்தரின் வடமேட்டில்
பேருந்து திரும்பிப்போகும் கடைசி நிறுத்தத்தில்
என் நூலகம்.
இரண்டு அறை, ஒரு கொதிகலன்,
நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம்.
சரிவெங்கும் கம்பளிக் கூடாரங்கள்,
கூடாரத்துக்கு ஒரு புகைக்குழாய்.
மார்கழியில் எதிர்வீடு தெரியாது.

எந்தப் புத்தகத்தை யார் எடுத்தார் என்பது
பதிவேட்டில் இருக்கிறது.
எதற்காக எடுத்தார் என்பது
தாளின் ஓரத்தில்.
இங்கே எல்லார் கட்டைவிரலிலும் கரி.
படித்த பக்கம் கறுக்கும்.
படிக்காதது
அச்சகத்து வெள்ளையிலேயே கிடக்கும்.

உடல்நலக் கையேடு வாங்கிய வருடம்
சர்க்கரை நோய் கறுத்தது.
மறுவருடம் குழந்தை இருமல்.
பிறகு ஒரு கோடை முழுக்க
மாதவிடாய் நிற்பதைப் பற்றிய அத்தியாயம்.
மூன்று அளவு விரல்கள்.
ஒருத்தியும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை,
அலமாரி மறைவில் நின்றபடியே படித்திருக்கிறார்கள்.
ஒரு நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை.
"இது என்ன நோய்?" என்றால்
தெரியாது என்பேன்.
"எதில் எழுதியிருக்கிறது?" என்றால்
எழுந்து நடப்பேன்.

இந்தக் குளிருக்கு முப்பத்தோராம் பக்கம்.
கார்பன் மோனாக்சைடு.
நிறமில்லை, மணமில்லை.
தலைவலி, குமட்டல், கால் துவளல்.
வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்றால்
கதவைத் திற, வெளியே வா,
பிறகு யோசி.

எழுத்தே மங்கும் அளவு கறுத்துவந்த அந்தப் பக்கம்
ஒருநாள் இல்லை.
தையலோரம் பல்பல்லாய் ஒரு கிழிசல் மட்டும்.
கடைசியாக எடுத்தவள் துலாம்சுரேன்,
சந்தையில் கையுறை விற்பவள்.
அபராதச் சீட்டை எழுதி
முத்திரையும் குத்திவைத்துக் காத்திருந்தேன்.

வந்தாள். மறுக்கவில்லை.
"நீங்க ஆறு மணிக்குப் பூட்டிடுறீங்க,
தலைவலி ராத்திரி ரெண்டு மணிக்கு வருது" என்றாள்.
அடுப்புக்கு எதிரே கூரைக் கழியில்
ஆணியடித்து மாட்டியிருக்கிறாளாம்.
ஏழு வயது மகள் எழுத்துக்கூட்டி
மோ, னாக், சைடு என்று
தினமும் ஒருமுறை உரக்கப் படிக்கிறாளாம்.
கூரைவட்டத்துக் கம்பளியை
இப்போது ஒரு சாண் விட்டே மூடுகிறார்களாம்.
பக்கத்துக் கூடாரத்தான் வந்து
போனில் படமெடுத்துப் போனானாம்.

எட்டாயிரம் துக்ரிக் எண்ணிவைத்தாள்.
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மத்திய நூலகத்துப் பிரதியிலிருந்து
அந்த ஒரு பக்கத்தை வரவழைத்தேன்.
நாற்பது நகல் எடுப்பதற்குள் மை தீர்ந்தது.
கடைசி ஏழில் 'குமட்டல்' விழவேயில்லை,
பேனாவால் எழுதினேன்.
வாசல் ஆணியில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு
மேலே ஒரு அட்டை:
'கிழித்துக்கொள்ளலாம்.'
பதினாறு வருட உத்தியோகத்தில்
எழுதுவேன் என்று நினைத்தே இராத வாசகம்.

முதலில் கிழித்தவன் ந்யாம்தோர்ஜ்,
எங்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவன்.
மாடிப்படியில் நின்றே படித்தான்.
இரண்டாம் முறையும் படித்தான்.
"அக்கா, கீழ அறைக்கு ஜன்னல் இல்லையே?"

இறங்கிப் போனேன்.
பதினாறு குளிர்காலம்
அந்த அறையின் சூட்டில் உட்கார்ந்து
புத்தகம் புரட்டியிருக்கிறேன்.
அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.
ஒரு முக்காலி, ஒரு தேநீர்க் குடுவை,
தலைவலி மாத்திரை அட்டை, பாதி காலி.

காற்றுப்போக்கி கேட்டு
மாவட்டத்துக்கு மனு போட்டிருக்கிறேன்.
பதில் வரவில்லை.
அதுவரை கதவு சாத்திவிடாமல்
முட்டுக் கொடுத்து நிற்பது
யாரும் எடுக்காத கலைக்களஞ்சியத்தின்
ஆறாம் தொகுதி.
உள்ளே அத்தனை பக்கமும் வெள்ளை.
முதுகு மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கறுத்துவருகிறது.